சதுப்பு வயலட்டும் விஜயாவின் கட்டைவிரலும்

ரஷ்யாக்காரன் டீ குடிப்பதைக் குறைத்துக்கொண்டால் குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட் லயத்தில், வரிசை வீட்டு வாசலில், ரோஜாச்செடி மொட்டையாகும் என்று எந்தப் பொருளாதார நிபுணரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஆனது. வருஷம் இரண்டாயிரத்து ஒன்று. பச்சைத் தேயிலையின் விலை மலையிறங்கிப் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. திரும்பி ஏற பஸ் கிடைக்கவில்லை போலும். ஏன் இறங்கியது என்பதில் லயத்தில் மூன்று கட்சி. ரஷ்யாக்காரன் காபிக்கு மாறிவிட்டான் என்பது முதல் கட்சி. வெளிநாட்டுத் தூளைக் கொண்டுவந்து கலக்கிறார்கள் என்பது இரண்டாவது. எஸ்டேட் மேனேஜர் புதிதாக வாங்கிய நாயின் ராசி சரியில்லை என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதற்குத்தான் ஆதரவு அதிகம். மூன்றில் நேரில் பார்க்கக் கிடைத்தது நாய் மட்டும்தானே.

விலை விழுந்ததும் எஸ்டேட் ஃபேக்டரி சனிக்கிழமை நின்றது. பிறகு வெள்ளியும் நின்றது. புரட்டாசி பிறந்தபோது வாரத்தில் இரண்டு நாள்தான் சங்கு ஊதியது. காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்திலேயே, இலை எடுக்க ஆள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லாரும் திரும்பினார்கள். விஜயாவும் திரும்பினாள். அவளுடைய கை மட்டும் திரும்ப மறுத்தது.

இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கை கற்றுவைத்திருந்த வேலை ஒன்றே ஒன்று. இரண்டு இலை, நடுவே ஒரு மொட்டு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு சின்னத் திருகு, முடிந்தது. கண் அடுத்த கொழுந்தைப் பார்ப்பதற்குள் கை அதற்கு அடுத்ததில் இருக்கும். எப்போதோ கவாத்துக் கத்தி பட்டு அவளுடைய வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து, அப்படியே வளர்ந்திருந்தது. அதனால் அவள் கிள்ளிய காம்பின் நுனியில் ஒரு மெல்லிய தோல் நூல் தொங்கும். இலை நிறுக்கும் இடத்தில் குவியலைப் பார்த்தே, "இது விஜயா கை" என்பார்கள். பாராட்டாகவும் சொல்வார்கள், குறையாகவும் சொல்வார்கள். அன்றைக்கு மேஸ்திரியின் வயிறு எப்படி இருக்கிறதோ அப்படி.

வேலை நின்ற செய்தி விஜயாவின் காதுக்கு வந்து சேர்ந்தது. விரலுக்கு வந்து சேரவில்லை. பேசிக்கொண்டே நின்றால் கறிவேப்பிலைக் கன்று குட்டையாகும். ஒரு கல்யாண வீட்டில் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் கனகாம்பரச் சரம் தாலி கட்டி முடிவதற்குள் பாதியாகியிருந்தது. வீட்டில் உட்காரமாட்டாள். வாசலுக்கு வருவாள், தண்ணீர்க் குழாய்வரை போவாள், எதற்கு வந்தோம் என்று யோசிப்பாள், திரும்புவாள்.

"ஏன்டி விஜயா, என் ரோஜாவ மாடு மேஞ்சிச்சா, நீ மேஞ்சியா?" என்று கேட்டாள் அடுத்த வீட்டு வேலாயி.

"பேசிக்கிட்டே நின்னேனா அக்கா... தெரியாமப் போயிருச்சு."

"மாடா இருந்தா கட்டிப் போட்டிருப்பேன். உன்ன எங்க கட்டுறது?"

கட்டுவதற்கு ரவிச்சந்திரனிடம் ஒரு யோசனை இருந்தது. விஜயாவின் புருஷன். ஃபேக்டரி மாடியில் இலையை வாடப் போடுகிற வேலை. இப்போது மாடியும் காலி, அவனும் காலி. மகள் ரேணுகாவைக் கேத்தியில் ஒரு கேரட் தோட்டக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தாயிற்று. இங்கே இன்னும் என்ன இருக்கிறது என்பது அவன் கட்சி.

"திங்கக்கெழம திருப்பூரு," என்றான் சோற்றைப் பிசைந்தபடி. "மச்சான் ரூம் பாத்துட்டான். எனக்கு பண்டல் தூக்குற வேல. உனக்கு பிசிறு வெட்டுற வேல. பனியன்ல நூலு நூலா தொங்கும்ல, அத நாள் பூரா கிள்ளிக்கிட்டே இருக்கலாம். உன் கைக்குன்னே செஞ்ச வேல."

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரிதான். அதுதான் விஜயாவுக்குப் பிடிக்கவில்லை.

அவள் பிறந்தது இலங்கையில், நுவரெலியாப் பக்கம். பதினாலு வயதில், உங்கள் நாடு அதோ அங்கே இருக்கிறது என்று இரண்டு அரசாங்கமும் சேர்ந்து கை காட்டிக் கப்பல் ஏற்றின. மண்டபம் முகாம். அங்கிருந்து கூடலூர்ப் பக்கம். அங்கிருந்து இங்கே. மூன்று முறை பெட்டி கட்டியாயிற்று. ஒவ்வொரு முறையும் புது ஊரில் எந்தக் கடையில் கடன் சொல்லலாம், எந்த நாய் கடிக்கும் என்று முதலிலிருந்து கற்கவேண்டும். நாலாவது முறை அவளால் முடியாது. கால் ஓரிடத்தில் நிற்காதுதான். ஆனால் இந்த மலைக்குள்ளேதான் அது நிற்காமல் இருக்கும்.

"இங்கயே ஒரு வேல கெடைச்சா?"

"கெடைச்சா இரு. யாரு வேணாங்கறா? திங்கக்கெழமைக்குள்ள தேடிக்க."

அவன் கேலியாகச் சொன்னான். விஜயா அதை வாக்காக எடுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை எஸ்டேட்டுக்கு ஒரு அம்மாள் வந்தார். ஈவ்லின் டீச்சர். கோயமுத்தூரில் ஒரு காலேஜில் முப்பது வருஷம் தாவரவியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவர். நீலகிரியில் மிச்சமிருக்கும் சதுப்புகளில் என்னென்ன செடி இருக்கிறது என்று பட்டியல் போடும் வேலையை எடுத்துக்கொண்டு, குன்னூரில் சர்ச் விருந்தினர் விடுதியில் தங்கியிருந்தார். ஏழாம் நம்பர் தோட்டத்துக்குக் கீழே, லயத்துக்காரர்கள் சேத்துப்பள்ளம் என்று சொல்லும் இடத்தைப் பார்க்க மேனேஜரிடம் அனுமதி வாங்கியிருந்தார். கரைவரை வந்துவிட்டார். அதற்குமேல் அவருடைய வலது முட்டி வர மறுத்துவிட்டது.

கூடவே சில்வஸ்டர் வந்திருந்தார். ஓய்வு பெற்ற ஃபிட்டர், அருவங்காட்டில் வீடு. விடுதியில் ஒழுகும் குழாயைச் சரிபார்க்கப் போனவர், டீச்சர் உதவிக்கு ஆள் தேடுகிறார் என்று கேட்டதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தாவரவியலில் இறங்கிவிட்டார். தெரியாது என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து இதுவரை யாரும் பிடுங்கியதில்லை.

டீச்சருக்கு வேண்டியது சேற்றில் இறங்க ஓர் ஆள். எட்டு மாத வேலை. விஜயா கரையில் நின்று இதைக் கேட்டபோது அவள் கை பக்கத்துப் புதரில் நாலு கொழுந்து எடுத்துவிட்டிருந்தது.

"நான் எறங்குறேன் டீச்சர்."

"ஏனுங்க டீச்சர், நான்தான் முன்னயே சொல்லியிருக்கறனுங்களே," என்றார் சில்வஸ்டர்.

டீச்சர் இருவரையும் பார்த்தார். பிறகு குடை நுனியால் சேற்றின் நடுவே காட்டினார். பாசி மேட்டின் மேல், நீளமான காம்புகளில், வெளுத்த கத்தரிப்பூ நிறத்தில் நாலைந்து பூ ஆடிக்கொண்டிருந்தது.

"அது வயலட். மலைமேல இதுல ரெண்டு இருக்குது, பூவப் பாத்தா அக்கா தங்கச்சி மாதிரி. மேட்டுல, பாதை ஓரத்துல வளர்றதுக்கு இலை பூரா சுணை, பொடி ரோமம் மாதிரி இருக்கும். சேத்துல வளர்றது வழுவழுன்னு இருக்கணும். நாப்பது வருஷத்துக்கு முன்னால ஒருத்தர் இங்க வந்து, கரையில நின்னு பாத்துட்டு, வயலட் இருக்குதுன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டாரு. எதுன்னு எழுதல."

"ஏன் டீச்சர், எறங்கிப் பாக்கலியா?"

"அட்டைக்குப் பயந்திருப்பாரு."

சில்வஸ்டர் ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார்.

"ரெண்டு பேரும் எனக்கு அந்தச் செடிய முழுசா கொண்டு வாங்க. யாரு கொண்டு வர்றது சரியா இருக்குதோ, அவங்களுக்கு வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லிடுறேன். சனிக்கிழமை நான் ஊருக்குப் போறேன்."

மறுநாள் மத்தியானமே விஜயா விடுதி வராந்தாவில் நின்றாள். இடுப்புவரை சேறு. கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. அவள் கூடையைக் கவிழ்த்தாள். அறுபது வயலட். எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் இரண்டு இலை, நடுவே ஒரு பூ அல்லது மொட்டு. எஸ்டேட் சரித்திரத்தில் இவ்வளவு சுத்தமான இலை எடுப்பு நடந்திருக்காது.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஒன்றை எடுத்தார், திருப்பினார், வைத்தார்.

"விஜயா, இதுல டீ போடலாம். பேர் போட முடியாது."

"என்ன கொறை டீச்சர்?"

"முழுசா கேட்டேனே. வேர் எங்க? தரையோட ஓடுற தண்டு இருக்குதா இல்லையா? காம்பு தொடங்குற எடத்துல மீன் செதில் மாதிரி ரெண்டு இருக்கணும், அது எங்க? ஆளோட மூக்க மட்டும் கொண்டாந்து, இவரு எந்த ஊருன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

முழுசா என்று அவர் கேட்டது விஜயாவுக்கு நன்றாக நினைவிருந்தது. சேற்றில் குனிந்தபோதும் நினைவிருந்தது. ஆனால் வேரோடு பிடுங்குவது என்ற செயலை அந்தக் கை இருபத்தெட்டு வருஷத்தில் ஒருமுறைகூடச் செய்ததில்லை. எஸ்டேட்டில் ஒரு செடி வேரோடு வந்தால் மறுநாள் பிரட்டில் உன் பெயர் இருக்காது. திருடனைப் பிடிக்கப் போன போலீஸ்காரர் பழக்கதோஷத்தில் சல்யூட் வைத்துவிட்டு வந்தது மாதிரி ஆகிவிட்டது அவள் கதை. குவியலை வராந்தா ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, டீ கொடுக்கிறேன் என்று டீச்சர் சொல்லச் சொல்ல நிற்காமல் போய்விட்டாள்.

வியாழக்கிழமை மறுபடி இறங்கினாள். வேலாயி கரையில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உதவிக்கு அல்ல, வேடிக்கைக்கு.

முதல் செடி: கை நேராகப் போனது, நுனியைக் கிள்ளிவிட்டது. இரண்டாவது: கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். கிள்ளிவிட்டது. மூன்றாவதில் தன் கையைத் தானே ஓங்கி அடித்தாள்.

"ஏய், பைத்தியம் கியித்தியம் பிடிச்சிருச்சா?"

"அக்கா, உங்க முந்தானையக் கிழிச்சு ஒரு துண்டு குடுங்க."

"உன் முந்தானைக்கு என்ன வந்துச்சு?"

கடைசியில் குடையில் கட்டியிருந்த நாடா கிடைத்தது. கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்து மடக்கி வேலாயி இறுக்கிக் கட்டினாள். நாலு விரலை வைத்துக்கொண்டு கிள்ள முடியாது. விஜயா இடது கையில் குழம்புக் கரண்டியை எடுத்தாள். பாசியை விலக்கி, சேற்றைச் சுற்றிச் சுற்றித் தோண்டினாள். மூக்கில் மழைத்தண்ணீர் ஒழுகியது. துடைக்கக் கை இல்லை.

"இந்த எழவ இவ்வளவு பாடுபட்டு எதுக்குடி தோண்டுற? இது வல்லாரை. ஒரு மாசமா நான் இதத்தான் தொவையல் அரைக்கிறேன்."

"ஞாபக சக்தி வந்துச்சா?"

"எதுக்கு?"

"வல்லாரை அதுக்கு நல்லதுன்னு சொல்வாங்கள்ல."

"என்ன நல்லது?"

விஜயா சிரித்துவிட்டாள். "இது அதில்லக்கா. கொழுந்தப் பாருங்க. வல்லாரைக் கொழுந்து விசிறி மாதிரி மடிஞ்சு வரும். இது ரெண்டு ஓரமும் உள்ளுக்குச் சுருண்டு வருது. ஒரு பாய ரெண்டு பேரு ரெண்டு பக்கத்துலருந்து சுருட்டுன மாதிரி."

யாரும் சொல்லித்தரவில்லை. கொழுந்தைப் பார்த்தே செடிக்கு என்ன உடம்பு என்று சொல்கிறவளுக்கு இது ஒரு வேலையா? அதைச் சொன்ன பிறகு அவளுக்குக் கொஞ்சம் ஆத்திரம் தணிந்தது. கரண்டி இன்னும் ஆழம் போனது. வெள்ளை வேர், தடித்த அடி, காம்பு தொடங்கும் இடத்தில் மீன் செதில் இரண்டு. அடியில், சேற்றை ஒட்டி, விரியாத குட்டி மொட்டுகளும் இருந்தன. ஒன்றை இடதுகை நகத்தால் கீறினாள். உள்ளே பூ இல்லை. கடுகு மாதிரி விதை. பூக்காமலே காய்த்திருக்கிறது. லயத்தில் சில பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ஆறு செடி, மண்ணோடு, பழைய செய்தித்தாளில் பொதிந்து எடுத்துக்கொண்டாள். நாடாவை வீடு வரும்வரை அவிழ்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போனபோது விடுதியில் திருவிழா. டீச்சர் மேஜையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். முட்டி வலி இருப்பதாகத் தெரியவில்லை. மேஜைமேல் வெள்ளைத் தாளில் சில்வஸ்டர் கொண்டுவந்த செடி. வேர் முதல் பூ வரை கழுவித் துடைத்து, விரித்து, தேதி, கிழமை, இடம் எல்லாம் அச்சு மாதிரி எழுத்தில். ஒரு ஃபிட்டரின் சுத்தம்.

"விஜயா, வாங்க வாங்க, இதப் பாருங்க! இலை சுணை சுணையா இருக்குது, மேட்டு வயலட் மாதிரி. தரையோட ஓடுற தண்டு இருக்குது. ஆனா பூக்காம்பு பாருங்க, இவ்வளவு நீளம், வழுவழுன்னு, சேத்துல வளர்றது மாதிரி. பூவும் அதேதான். ரெண்டும் கலந்து நிக்குது. இப்படி ஒண்ண யாரும் எழுதி வெக்கல. முப்பது வருஷமா பிள்ளைகளுக்கு அடுத்தவங்க கண்டுபிடிச்சதையே நடத்திட்டிருந்தேன்..." தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்தார். "எட்டு மாசம் பத்தாது. ரெண்டு வருஷம் கேக்கப் போறேன். ரெண்டு பேருமே எனக்கு வேணும். விஜயா, உங்களுக்கும் வேலை உறுதி."

"எல்லாம் ஆண்டவர் கிருபைங்க," என்றார் சில்வஸ்டர், அடக்கமாக. அந்த அடக்கத்தைப் பார்த்தால் ஆண்டவரிடம் பாதிப் பங்கு இவருக்கு என்று தெரிந்துவிடும்.

ரெண்டு வருஷம். திங்கட்கிழமை ஒழிந்தது. விஜயா தன் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லை. மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, மரியாதைக்குக் குனிந்து அந்தப் புதுச் செடியைப் பார்த்தாள்.

பூக்காம்பு வேர்க்கட்டுக்குள் நுழையும் இடத்தில், சுணை இலைகளுக்கு நடுவே, ஒரு மெல்லிய தோல் நூல் எட்டிப் பார்த்தது.

அவள் நிமிர்ந்தாள். ஜன்னல் பக்கம் போனாள். திரும்பி வந்தாள். டீச்சர் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். வராந்தா ஓரத்தில் நேற்று முன்தினம் தள்ளிவிட்டுப் போன குவியல் வாடிக் கிடந்தது, கதவு வழியாகத் தெரிந்தது. சில்வஸ்டருடைய செருப்பில் சேறு இல்லை என்பதும் தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ரெண்டு வருஷம். யாருக்கு என்ன நஷ்டம்? விஜயா நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், டம்ளரை வாங்கினாள், குடிக்காமல் வைத்தாள். ரெண்டு வருஷம் என்ன வேலை? இதைப் போல இன்னொன்று கொண்டு வா என்பார்கள். கோயமுத்தூரிலிருந்து வருவார்கள், கல்கத்தாவிலிருந்து வருவார்கள், கண்ணாடி போட்டவர்களெல்லாம் கரையில் நின்று குடையால் காட்டுவார்கள். சேற்றில் இறங்கித் தேடப்போகிறவள் யார்? இல்லாத ஒன்றைத் தினமும் தேடிக்கொண்டு, இல்லை என்று தெரிந்தும் இடுப்பளவு சேற்றில்... அப்புறம் ஒருநாள் யாரோ ஒரு கெட்டிக்காரர் சிரிக்கப் போகிறார். டீச்சரைப் பார்த்துத்தான் சிரிப்பார்.

கை மேஜைப் பக்கம் போனது. தானாகப் போனதா, அவள் அனுப்பினாளா என்று பிற்பாடு வேலாயி எவ்வளவோ கேட்டாள். விஜயா ஒரு தடவை அப்படிச் சொன்னாள், ஒரு தடவை இப்படிச் சொன்னாள். எப்படியோ போனது. பூக்காம்பைப் பிடித்து லேசாக இழுத்தது. பூ தனியாகக் கையோடு வந்துவிட்டது.

"ஐயோ! என்ன பண்றீங்க?" டீச்சர் டம்ளரைப் போட்டுவிட்டார்.

"இது நான் புதன்கெழம கிள்ளுனது டீச்சர். நுனியப் பாருங்க." கட்டைவிரலைப் பக்கத்தில் நீட்டிக் காட்டினாள். "நகத்துல பொளவு இருக்குதுல்ல. அதோட தோல் நூலு."

டீச்சர் லென்ஸை எடுத்தார். நுனியைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், சில்வஸ்டரைப் பார்த்தார்.

"மேட்டுல சர்ச் பின்னால நல்ல செடி கெடைச்சுதுங்க," என்றார் சில்வஸ்டர். ஒளிக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "பூதான் இல்லீங்க. வராந்தாவுல பூ சும்மா கெடந்துது. ரெண்டும் வயலட்டுன்னு நீங்கதான் சொன்னீங்க. ஏனுங்க டீச்சர், நட்டு ஒரு டப்பாவுல இருக்கும், போல்ட்டு ஒரு டப்பாவுல இருக்கும். சேத்தாத்தானுங்களே சாமான்?"

நாற்பது வருஷம் அப்படித்தான் அவர் மெஷின்களை ஓடவைத்திருக்கிறார். முழுசாக வேண்டும் என்று கேட்டார்கள், முழுசாக்கிக் கொடுத்தார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். கொட்டிய டீ மேஜை ஓரத்துக்கு ஓடி, விஜயாவின் பொட்டலத்தை நனைத்தது. அப்போதுதான் அவர் அதைப் பிரித்தார்.

இலை வழுவழுப்பு. இளம் இலை இரண்டு பக்கமும் உள்ளே சுருண்டிருந்தது. அடியில் செதில். பூக்காம்பின் நடுவே முள் மாதிரி இரண்டு பொடி இலை. பூவுக்குப் பின்னால் குட்டையான ஒரு பை. ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, புத்தகத்தில் ஒவ்வொரு வரியாகப் பார்த்து, கடைசியில் மூடினார்.

"சதுப்பு வயலட். எல்லாம் ஒத்துப்போகுது. புஸ்தகத்துல ஏற்கெனவே இருக்கறதுதான். சாதாரணம்." குரலில் தூசி படிந்திருந்தது. "ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

"வேல டீச்சர்...?"

"போயிட்டு வாங்கன்னேன்."

வெளியே வந்ததும் சில்வஸ்டர் விஜயாவைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். "ஏம்மா தங்கச்சி, ரெண்டு வருஷத்தப் புடிச்சு இழுத்துட்டியே."

வீட்டில் ரவிச்சந்திரன் பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் இன்னொரு முடிச்சுப் போட்டான். விஜயா அன்று இரவு எத்தனை முறை எழுந்து தண்ணீர் குடித்தாள் என்று பானைக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் கோயமுத்தூர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் விஜயா நின்றாள். டீச்சர் பெட்டியோடு வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். விஜயா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், உண்டுன்னாலும் சொல்லிட்டுப் போங்க, இல்லன்னாலும் சொல்லிட்டுப் போங்க. பொட்டி கட்டணும்னா நான் இன்னிக்கே கட்டணும்."

டீச்சர் அவளைப் பார்த்தார். அவரும் தூங்கியதாகத் தெரியவில்லை.

"அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா விஜயா? டீயாவது குடிச்சிருப்பேன்."

"சொல்லாமலே இருந்திருக்கலாம் டீச்சர். அப்புறம் இல்லாத செடிய ரெண்டு வருஷம் சேத்துல யாரு தேடுறது?"

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. அழுகை மாதிரிதான் தொடங்கியது, ஆனால் சிரிப்புதான். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அடிப்பாவி. நான் என்னமோ உண்மைக்காகன்னு நெனைச்சு ராத்திரி பூரா உங்கள மரியாதையா திட்டிட்டிருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எட்டு மாசம்தான். அதுக்குமேல கேக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. இன்னும் பதினோரு சதுப்பு பாக்கி இருக்குது, அடுத்தது கேத்தியில. திங்கக்கெழம காலைல நான் திரும்பி வந்துடுவேன். எட்டரைக்குக் கேத்தி ஸ்டேஷன் வாசல்ல இருங்க."

"வேரோட கொண்டாரணுமா டீச்சர்?"

"வேரோட!"

பஸ் நகர்ந்தது. விஜயா கூடவே நாலு அடி ஓடினாள், காரணம் இல்லாமல்.

ரவிச்சந்திரன் நம்பவில்லை. பிறகு நம்பினான். பிறகு கோபப்பட்டான். "மச்சான்கிட்ட ரூமுக்குச் சொல்லியாச்சு. என்னன்னு சொல்லுவேன்?"

"ரூமுல நீங்க இருங்க. எட்டு மாசம் உங்களுக்கு அங்க, எனக்கு இங்க. அப்புறம் எந்த வேல நெலைக்குதோ அங்க சேந்துக்கலாம்."

"கெடைச்சா இருன்னு நான் சும்மா சொன்னேன்டி."

"தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கட்டியதை அவிழ்ப்பதிலும் பிரிப்பதிலும் போனது. பெரிய சட்டி அவளுக்கு, சின்னது அவனுக்கு. கம்பளி யாருக்கு என்பதில் அரை மணி நேரம் சண்டை. திருப்பூர் வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று அவள் கேட்டாள், பனியன் கம்பெனியில் குளிராதா என்று அவன் கேட்டான், இரண்டு பேருக்குமே தெரியவில்லை. கடைசியில் அவனே அதை அவள் பக்கம் தள்ளினான்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு இருவரும் ரோட்டோரம் நின்றார்கள், எதிர்எதிராக. கீழே போகிற பஸ்ஸுக்கு அவன், மேலே போகிற பஸ்ஸுக்கு அவள். நடுவே ரோடு. பனி. ஒருவர் முகம் ஒருவருக்கு வரும், போகும்.

"சோறு பொங்கித் திங்கிறதுக்குச் சோம்பப்படாதீங்க!" என்று கத்தினாள்.

"நீ சேத்துல ஆழமா எறங்காத!" என்று கத்தினான்.

மேலே போகிற பஸ்தான் முதலில் வந்தது. பாதிக்குமேல் காலி. விஜயா ஏறினாள். கண்டக்டர் உட்காரச் சொன்னார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடைசி ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள், முன்னால் வந்தாள், மறுபடி கடைசி ஜன்னலுக்குப் போனாள். கேத்தி வரும்வரை உட்காரவே இல்லை.